கதவடிச் சந்து

சதுரங்கப்பட்டினம்,
தற்காலிகக் குடியிருப்பு.
தீபாவளி கழிந்த வாரம், 2005.

அன்புள்ள மாமாவுக்கு, சரோஜா எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் அஞ்சலையும் பேரப்பிள்ளையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்றே எழுதுகிறேன். திருப்பூரில் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? சாயத் தண்ணீரில் நின்று காலில் புண் வந்திருந்ததே, ஆறிவிட்டதா?

மணியார்டர் வந்து சேர்ந்தது. அந்தத் தாளின் அடியில் சேதி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். அதில் 'நலம்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். தாத்தா ஆன மனுஷன் எழுதுகிற கடிதமா அது? பேரன் பிறந்த சேதியை மளிகைக் கடை போனில் சொன்னபோதும் 'சரி, சரி' என்று வைத்துவிட்டீர்கள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இருந்தாலும் உங்களை விட்டால் யாரிடம் சொல்வது, அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை ஒரு மாசம் முந்திப் பிறந்தவன். இத்தனூண்டு இருக்கிறான். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு, பிறகு கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு நர்சம்மா, நல்லவள். பிள்ளைக்கு உடம்புச் சூடு குறையவே கூடாது, தாயின் மார்மேல் வெறும் உடம்பாகப் போட்டு மேலே போர்த்தி வைக்க வேண்டும், ஈரக் காற்று பட்டால் தாங்க மாட்டான் என்று படித்துப் படித்துச் சொன்னாள். வீடு எப்படிப்பட்டது என்று கேட்டாள். ஷெட்டு என்றேன். எந்த ஷெட்டு என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு துணியை மடித்து அஞ்சலையின் பைக்குள் வைத்தாள்.

இந்த ஷெட்டைக் கட்டினவனை என் கையில் கொடுத்தால் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, உள்ளே படுக்க வைப்பேன். வெயில் காலத்தில் இது தோசைக்கல்லாக இருந்தது உங்களுக்கே தெரியும். இப்போது மழை பிடித்ததும் ஐஸ் பெட்டி ஆகிவிட்டது. மீனை வைத்தால் கெடாது. கூரைத் தகரம் விடிகிற நேரத்தில் வேர்த்து உள்பக்கமே சொட்டுகிறது, மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற சந்து. கதவுக்கு அடியில் பூனை நுழைகிற சந்து. வாடைக் காற்றுக்கு வேறு போக்கிடமே இல்லாத மாதிரி நேராக இங்கேதான் வருகிறது. அலை கொண்டுபோன நம் பழைய வீடு ஓலை வீடுதான், ஆனாலும் அதில் ஒரு கதகதப்பு இருந்தது. நீங்கள் வேறு வாசலை மறித்துக் கட்டை மாதிரி படுத்திருப்பீர்கள். விடிகாலையில் தண்ணீருக்குப் போக உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். எத்தனை திட்டு திட்டியிருப்பேன்.

உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு. பக்கத்து வரிசையில் ஒரு ஷெட்டு எரிந்ததிலிருந்து கணப்புச் சட்டியும் கூடாது, சாம்பிராணியும் கூடாது. அது சரிதான், இந்தத் தார் ஷீட் சுவர் பொசுக்கென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் குளிருக்கு வேறு என்ன வழி என்று உத்தரவு போட்டவர்கள் சொல்லவில்லை. வாடகைக்கு ஒரு கல் வீடு பார்த்துப் போகலாமென்று கேட்டால், ஷெட்டை விட்டுப் போனால் பக்கா வீடு கொடுக்கும்போது உங்கள் பேர் இருக்காது என்கிறார்கள். இருந்தால் பிள்ளைக்குக் குளிர், போனால் வீடு இல்லை. யார் வீட்டு நியாயம் இது?

சித்திரை வெயிலில் ஒரு லாரி நிறையக் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் கொண்டுவந்து ரோட்டில் கொட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே சிரித்தது. இங்கே என்ன பனியா கொட்டுகிறது என்று நீங்களும்தான் கேட்டீர்கள். ஆம்பளைகள் அத்தனையையும் எடுத்துப்போய் போட் இஞ்சின் துடைத்தார்கள். அந்தச் சட்டைகளைத்தான் இப்போது நான் தேடி அலைகிறேன். இஞ்சின் ரிப்பேர் செய்கிற இடத்தில் ஒரு மூட்டை கிடைத்தது. சோப்பும் சோடா உப்பும் போட்டு அடித்துத் துவைத்தும் டீசல் நாற்றம் போகவில்லை. பிள்ளைக்குப் போட மனசு வரவில்லை. சுவர்ச் சந்தில் வைத்து அடைத்தேன்.

இப்போது நான் கண்டுபிடித்திருக்கிற வழி பாட்டில். பக்கத்து ஷெட்டு மேரி மாமல்லபுரத்து ஓட்டலில் கூட்டிப் பெருக்கப் போகிறாள் அல்லவா, அங்கே குடித்துவிட்டுப் போட்ட கண்ணாடி பாட்டில்களைக் கொண்டுவந்து தருகிறாள். வெளி அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, பழந்துணி சுற்றி, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி வைக்கிறேன். ஆறினால் மறுபடி ஊற்றுகிறேன். சம்பந்தி செல்லம்மா பிள்ளை பார்க்க வந்தாள். 'இன்னாமே இது, புள்ள பொறந்த வூடா, சாராயக் கடையா?' என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் ஷெட்டில் முழங்கால் தண்ணீர், இல்லாவிட்டால் அன்றைக்கே அஞ்சலையை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். உள்ளே வந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் கையையும் அதில் சூடு காட்டிக்கொண்டாள்.

உங்கள் கம்பெனிக்கு வெளியே பனியன் வேஸ்ட் துணி குவிந்து கிடக்கும் என்று முன்பு சொன்னீர்கள். ஒரு மூட்டை வேண்டும். சுவருக்கு உள்பக்கம் சாக்கு கட்டி நடுவில் திணித்தால் காற்று நிற்கும். நீங்களே கொண்டுவந்தால் நல்லது. முடியாவிட்டால் லாரியில் போடுங்கள். பிள்ளை உங்கள் மாதிரியே முகத்தைச் சுளிக்கிறான்.

இப்படிக்கு,
கோபத்தோடும் அன்போடும்,
சரோஜா.


சதுரங்கப்பட்டினம்,
கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள்.

அன்புள்ள மாமாவுக்கு,

மூட்டை வந்தது. நீங்கள் வரவில்லை, மூட்டை வந்தது. லாரிக்காரன் ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போனான், நானும் மேரியும் உருட்டிக்கொண்டு வந்தோம். உள்ளே ஒரு வரி எழுதி வைத்திருப்பீர்களோ என்று அடிவரைக்கும் கொட்டித் தேடினேன். கடிதம் இல்லை. அடியில் ஒரு சின்னக் குல்லா இருந்தது. தையல் கோணல் மாணலாக இருந்தது, ஓரத்தில் வலைக்குப் போடுகிற முடிச்சு போட்டிருந்தது. தைத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். அஞ்சலை அதை முகத்தில் வைத்துக்கொண்டு 'நைனா, நைனா' என்று அழுதாள். பிள்ளைக்கு அது இன்னும் பெரிது, மடித்துப் போட்டிருக்கிறேன். இதை ஒரு வார்த்தை எழுதினால் உங்கள் மரியாதை குறைந்துவிடுமா?

வேஸ்ட் துணி வைத்த பிறகு சுவர் வழியாகக் காற்று இல்லை. கூரைதான் சொட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளைக்குச் சளி கட்டி மூச்சு கர்கர் என்றது. கல்பாக்கம் டாக்டர், ஈரம் படாமல் பாருங்கள், இன்னொரு தடவை இப்படி வந்தால் மறுபடி கண்ணாடிப் பெட்டிதான், அதற்கும் தாங்குவானா என்று தெரியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மழையில் நம் குடியிருப்பு வாசலில் நின்ற பேனர் சாய்ந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஷெட்டு கட்டிக் கொடுத்த அறக்கட்டளைக்காரர் கைகூப்பிக்கொண்டு நிற்பாரே, மேலே 'வாழ்வளித்த வள்ளலே வருக' என்று போட்டிருக்குமே, அதுதான். எங்கள் பத்து ஷெட்டுக் கூரைக்குச் செய்த செலவு அந்த ஒரு பேனருக்கு ஆகியிருக்கும். சேற்றில் குப்புறக் கிடந்தது. ஆடு ஏறி நடந்தது. ஒருவரும் தூக்கி நிறுத்தவில்லை. நான் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, இழுத்துக்கொண்டு வந்து கழுவினேன். தகரத்துக்குக் கீழே, உள்பக்கமாக, பழைய வலைக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். அச்சடித்த பக்கம் தண்ணீரில் ஊறிச் சாயம் விட வேண்டாமென்று அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். தகரம் வேர்க்கிற தண்ணீர் இப்போது பேனர்மேல் ஓடி ஓரமாக வழிகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் பிள்ளை கர்கர் இல்லாமல் தூங்கினான். விழித்தால் மல்லாந்து அந்த வள்ளலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பொறுக்குமா? அறக்கட்டளையிலிருந்து மேற்பார்வைக்கு வருகிற பார்த்தசாரதி என்கிறவர் வந்தார். வருஷம் திரும்புகிறதற்கு முன்னால் ஐயா பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார், பேனர் எங்கே என்று தேடினார். யாரோ கை காட்டிவிட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்து அண்ணாந்தவர் வெலவெலத்துப் போய்விட்டார். அம்மா, இதைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், என் வேலைக்கு ஆபத்து என்று கெஞ்சினார். அவர் கெஞ்சியபோது பாவமாகத்தான் இருந்தது. கூரை ஒழுகுகிறதென்று போன மாசம் நான் சொன்னபோது எழுதிக்கொண்டு போனீர்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். மேலே அனுப்பியிருக்கிறேன் என்றார். அப்படியானால் இதையும் மேலே கேளுங்கள், மேலேதான் இருக்கிறார் என்றேன்.

அவர் நேராக நம் ஊர் நாட்டார் கருப்பனிடம் போய்விட்டார். அவர் உங்கள் பங்காளிதான், ஆனால் ஊர்த் தலைவர் துண்டைத் தோளில் போட்டதும் உறவு மறந்துவிடுகிறது. கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஊருக்கென்று வந்த பொருளை ஊரைக் கேட்காமல் எடுத்தது தப்பு, பக்கா வீடு வருகிற நேரத்தில் கொடுத்தவரைப் பகைக்கலாமா என்று பேச்சு. நான் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு போய் நின்றேன். வாயைத் திறந்ததும், 'பொம்பள சபையில பேசக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு? ஒன் ஆம்பள எங்க?' என்கிறார் கருப்பன். தலையில் கூடையோடு கல்பாக்கம் டவுன்ஷிப் முழுக்கப் பேசிப் பேசித்தானே மீன் விற்கிறேன். அங்கே பேசலாம், என் பேரன் மூச்சைப் பற்றி இங்கே பேசக் கூடாதா? வயிறு எரிந்தது மாமா.

ஆனால் பாருங்கள், அவர்கள் போட்ட சட்டத்தில் அவர்களே மாட்டிக்கொண்டார்கள். வழக்கு குடும்பத் தலைவன் மேல்தான். அவன் சபையில் நிற்காமல் தீர்ப்புச் சொல்வது வழக்கமில்லை. கடைசியில் கருப்பன், 'சின்னையன் வரட்டும், அவனாண்ட பேசிக்கிறோம், அதுவரைக்கும் பேனர் அங்கியே கெடக்கட்டும்' என்று எழுந்துவிட்டார்.

அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். போன கடிதத்தில் வாருங்கள் என்று எழுதினேன். இப்போது வர வேண்டாம். நீங்கள் வந்து இறங்கிய அன்றே சபை கூடும், கூரை போய்விடும். நீங்கள் வராத வரைக்கும்தான் பிள்ளைக்குச் சொட்டாது. இத்தனை மாசம் வராமல் இருந்ததற்கு இப்போதுதான் ஒரு பலன் கிடைத்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவடிச் சந்து மட்டும் அப்படியே இருக்கிறது. சாக்கைச் சுருட்டி வைத்தால் போகிறவர் வருகிறவர் காலில் நகர்ந்துவிடுகிறது. அதற்கும் ஒரு வழி பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஊர் வழக்கில் நிற்கிற உங்கள் மனைவி,
சரோஜா.


சதுரங்கப்பட்டினம்,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

பிள்ளை நன்றாக இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கன்னம் கொஞ்சம் வைத்திருக்கிறது. அஞ்சலைக்கும் உடம்பு தேறியிருக்கிறது.

வள்ளல் வந்துபோனார். அவருக்காகப் புது பேனர் அடித்து, பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, எங்களை விடிகாலையிலேயே குளித்துத் தலை சீவி நிற்கச் சொன்னார்கள். சந்தோஷமாக முகத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று பார்த்தசாரதி வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஊரில் சாவு விழாத வீடு ஒன்று உண்டா? வருஷம்கூட முடியவில்லை, படத்துக்குச் சிரிக்க வேண்டுமாம். நான் போகவில்லை. பிள்ளையோடு உள்ளே இருந்தேன்.

அவர் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை, கொண்டல் காற்றோடு சாய்ந்து அடித்தது. புது பேனர் கிழிந்தது, பந்தல் ஒரு பக்கமாகப் படுத்தது. நாற்காலிகள் தண்ணீரில் போயின. எல்லாரும் எந்த ஷெட்டு கிட்டத்தில் இருக்கிறதோ அதற்குள் ஓடினார்கள். நம் ஷெட்டுக்குள் யார் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஐயாவேதான். பின்னால் பார்த்தசாரதி, கருப்பன், தோளில் கேமராவோடு ஒருவன்.

நல்ல ஆகிருதியான மனுஷர். வெள்ளைச் சட்டை ஒட்டிப்போய்க் குளிரில் பல் தந்தி அடித்தது. தலையைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். மேலே இருந்து அவரே அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பார்த்தசாரதிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. 'சார், இது வந்து சார், நான் அப்பவே சொன்னேன் சார்' என்று என்னென்னவோ உளறினார். கருப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஐயா சுற்றிலும் பார்த்தார். சாக்குச் சுவரைப் பார்த்தார், பிள்ளையைச் சுற்றி வைத்த பாட்டில்களைப் பார்த்தார், சுவர்ச் சந்தில் துருத்திக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையைப் பார்த்தார். அதுவும் அவர் அனுப்பியதாகத்தான் இருக்க வேண்டும். மற்ற ஷெட்டுகளிலும் இப்படித்தானா என்று கேட்டார். எனக்கு மனசில் தேக்கி வைத்திருந்தது எல்லாம் வாய்க்கு வந்தது. மற்ற ஷெட்டுகளில் இதுவும் இல்லை, உங்களுக்கு ஒரே ஒரு பேனர்தானே இருந்தது என்று சொன்னேன். வெயிலில் கம்பளி அனுப்பினீர்கள், மழையில் ஓட்டைத் தகரம் கொடுத்தீர்கள், என் பேரன் மூச்சு நின்றிருந்தால் அதற்கும் ஒரு பேனர் வைத்திருப்பீர்களா என்று கேட்டேன். கருப்பன் என்னை நிறுத்தப் பார்த்தார். இது சபை இல்லை, என் வீடு என்றேன்.

கேமராக்காரன், பிள்ளையைத் தூக்கி ஐயா கையில் கொடுங்கள், மேலே அவர் முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் என்றான். அதற்கும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். ஐயாவே அவனை வெளியே போகச் சொல்லிவிட்டார். அவன் போனபோது கதவைத் திறந்தான், காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே வந்தது, பிள்ளை சிலிர்த்து அழுதான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஐயாவைப் பார்த்து, நீங்கள் அந்த வாசலை அடைத்துக்கொண்டு நில்லுங்கள், காற்று வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

நின்றார் மாமா. மறுபேச்சு இல்லாமல் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து, காலைச் சந்தில் வைத்து அடைத்துக்கொண்டு, மழை விடுகிற வரைக்கும் நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கதகதவென்று ஆனது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனான். அஞ்சலை போர்வையை விலக்கிக்கொண்டாள். மழை பிடித்த நாளிலிருந்து அப்படி ஒரு சூடு நான் பார்த்ததில்லை. வெந்நீரும் சாக்கும் பேனரும் செய்யாததை வாசலில் ஒரு ஆள் செய்தது. எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்து, அந்த மனுஷர் முன்னாலேயே அழுதுவிட்டேன். நான் அவரால் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும்.

போகும்போது எல்லா ஷெட்டுக்கும் உள்கூரை போட்டுவிட்டுத்தான் தனக்குப் போன் செய்ய வேண்டும் என்று பார்த்தசாரதியிடம் சொல்லிவிட்டுப் போனார். இதைக் கழற்ற வேண்டாம் என்றும் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிடவில்லை. சொன்னதைச் செய்யட்டும், பிறகு கும்பிடுகிறேன். இதுவரை இரண்டு வரிசைக்கு ஷீட் வந்து இறங்கியிருக்கிறது. கருப்பன் மட்டும் விடவில்லை. 'அவரு வுட்டாலும் ஊரு வுடாது, கேக்காம எடுத்தது எடுத்ததுதான், சின்னையன் வந்து சபையில நின்னுதான் ஆவணும்' என்கிறார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை.

அதனால் வர வேண்டாம் என்று எழுதியதை அழித்துவிடுங்கள். வந்து சபையில் நில்லுங்கள். அவர்கள் பேனரைக் கேட்டால் கொடுத்துவிடுவோம், நமக்கும் ஷீட் வரும். வேறு எதையும் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். நிவாரணத்தில் வந்த புது போட்டில் ஏன் ஏறவில்லை என்று கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். டவுன்ஷிப்பில் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மாப்பிள்ளை ராஜேந்திரன் விசாரித்து வைத்திருக்கிறார்.

அந்த அலையில் போன உங்கள் அம்மாவுக்கு வருஷம் வருகிறது. மூத்த பிள்ளை நீங்கள்தான் படையல் போட வேண்டும். அதைக் கடற்கரையில்தான் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நம் ஷெட்டு வாசலிலேயே போடலாம். நடுவில் சவுக்குத் தோப்பு இருக்கிறது, இங்கே அலைச் சத்தம் கேட்காது. கேட்டால் நான் சத்தமாகப் பேசுகிறேன்.

கதவடியில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் கூட்டி மெழுகி, பாய் போட்டு வைத்திருக்கிறேன். சாக்கை எடுத்துவிட்டேன். காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது. விடிகாலையில் தண்ணீருக்கு நான் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும், திட்டத்தான் செய்வேன். அதைக் கேட்கவாவது வந்து சேருங்கள்.

பேரப்பிள்ளைக்கு உங்கள் ஆசீர்வாதம் தபாலில் வேண்டாம், நேரில் வேண்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
சரோஜா.